மாடு விட்ட ஏப்பமும் ஒரு பழைய சண்டையும்

பழவேற்காட்டில் கோரைக்குப்பம், வைரவன்குப்பம், கூனங்குப்பம் என்று கடலோரமாகச் சில மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் ஏரி. கடல் மட்டம் கொஞ்சம் ஏறினாலும் முதலில் நனையப் போகும் வாசல்கள் இவை. இங்கே ஏதோ ஒரு வீட்டில் வலையோடு பாலுக்காக ஒரு மாடும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலகம் சூடாவதில் அந்த மாட்டுக்கு எவ்வளவு பங்கு?

கேள்வி வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் 1990-91ல் இதே கேள்விக்காக வாஷிங்டனுக்கும் டெல்லிக்கும் நடுவே பெரிய சண்டையே நடந்தது.

அதற்கு முன் கொஞ்சம் அறிவியல். 1776ல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் ஒருவர் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துத் தீ வைத்துப் பார்த்தார். எரிந்தது. அவர் பெயர் அலெஸாண்ட்ரோ வோல்டா (ஆமாம், பேட்டரி கண்டுபிடித்த அதே வோல்டாதான்). அந்த வாயுதான் மீத்தேன். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலையே மாட்டின் முதல் இரைப்பையிலும் நடக்கிறது. புல் நொதிக்கும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. நுண்ணுயிர்கள் இரண்டையும் சேர்த்து மீத்தேனாக்குகின்றன. மாடு அதை ஏப்பமாக விடுகிறது. பலரும் நினைத்துச் சிரிப்பதுபோல் பின்பக்கமாக அல்ல. பத்தில் ஒன்பது பங்கு வாய் வழியாகத்தான் வருகிறது.

சரி, சண்டைக்கு வருவோம். வாஷிங்டனில் இருக்கும் உலக வளங்கள் நிறுவனம் 1990ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. பூமியைச் சூடாக்கும் நாடுகளில் இந்தியாவுக்கு ஐந்தாவது இடம்! முக்கிய காரணங்களில் இரண்டு, நெல் வயலும் மாடும். டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991ல் ஒரு சிறு நூலில் இதற்குப் பதில் எழுதினார்கள். கூட்டல் கழித்தல் வரை இறங்கிப் போட்ட சண்டை அது.

கடலும் காடும் நாம் விடும் வாயுவில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த உறிஞ்சும் திறனை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது? அமெரிக்கக் கணக்கு, அதிகம் புகை விடுகிறவனுக்கு அதிகக் கழிவு கொடுத்தது. ஊர்க் குளத்தை அதிகம் அழுக்காக்குகிறவனுக்கே குளத்தில் பெரிய பங்கு என்பதுபோல! தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால், ஐந்தாம் இடத்தில் இருந்த இந்தியா தன் பங்கைக்கூட முழுதாகப் பயன்படுத்தவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். பிழைப்புக்காக வெளியாகும் வாயுவும் சொகுசுக்காக வெளியாகும் வாயுவும் ஒன்றல்ல என்ற வாதம் உலக அரங்கில் வலுத்தது அந்த நூலால்தான்.

அதே 1991ல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ரா, நாடு முழுக்க நெல் வயல்களில் நேரடியாக அளக்க ஏற்பாடு செய்தார். அமெரிக்க மதிப்பீடு ஆண்டுக்கு 3 கோடியே 70 லட்சம் டன்னுக்கும் மேல். வயலில் அளந்து கணக்கிட்டபோது கிடைத்ததோ சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு!

வயல் ஓரிடத்தில் நிற்கும், மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அளந்துவிடலாம். மேய்கிற மாடு நிற்குமா? அறைக்குள் அடைத்து அளந்தால் அது மேய்ச்சல் மாடே அல்ல. நடந்து, பிடித்த புல்லாகப் பொறுக்கித் தின்னும் மாட்டை அளக்க, 1994ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு வழி சொன்னார்கள். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு என்ற வாயுவை மெல்லக் கசியவிடும் சிறு குழாயை மாட்டின் வயிற்றில் போட்டு, கழுத்தில் மாட்டிய கலனில் மூச்சைச் சேகரிப்பது. கசியும் அளவு முன்பே தெரியும் என்பதால், கலனில் அதற்கு எத்தனை மடங்கு மீத்தேன் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

ஐ.நா.வின் பருவநிலைக் குழு 1996ல் தந்த பொதுக் கணக்கில் வட அமெரிக்கக் கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு 118 கிலோ மீத்தேன், இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு 46 கிலோ. நம் மாடு அவ்வளவு சாதுவா என்று குதிக்க வேண்டாம். வைக்கோலைத் தின்று கொஞ்சமாகக் கறப்பதால், ஒரு லிட்டர் பாலுக்கு என்று பார்த்தால் நம் மாடுதான் அதிகம் விடுகிறது. எதால் வகுக்கிறோம் என்பதில்தான் குற்றவாளி மாறுகிறான்.

எண்ணிக்கையும் சின்னதல்ல. 2019 கணக்கெடுப்பில் மாடுகள் 19 கோடிக்கு மேல், எருமைகள் சுமார் 11 கோடி. 2021ல் கிளாஸ்கோவில் மீத்தேன் குறைப்பு உறுதிமொழியில் நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்தபோது இந்தியா சேரவில்லை. சிறு விவசாயியின் பிழைப்பு என்ற அதே 1991 வாதம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. நியாயமான வாதம்தான். ஆனால் மாட்டுக்காக அது செல்லும், நிலக்கரிக்காகச் செல்லாது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர்ப் பக்கம் போனால் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அந்தப் புகையில் குப்பத்து விளக்குக்குப் போகும் பங்கு எவ்வளவு, நகரத்து ஏ.சி.க்குப் போகும் பங்கு எவ்வளவு?

இதற்கிடையே பெங்களூரில் இருக்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம், துவர்ப்புச் சத்துள்ள தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனத்தைத் தயாரித்திருக்கிறது. மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைக்கும் என்கிறார்கள். தொட்டியில் தீவனம் வைக்கிற வீட்டில் அது சரி. நாள் முழுக்க வெளியே மேய்ந்து வருகிற மாட்டுக்கு, யார் எப்போது கொடுப்பது?