பாமன், ஜோ

ஜோ பாமன் (1922–2005): அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர், மேஜர் லீக் எனப்படும் உயர் வரிசைப் பந்தயங்களில் ஒருநாளும் பிரவேசிக்காமலே, 1954-இல் ஒரே பருவத்தில் 72 ஹோம் ரன் (எல்லா பேஸ்களையும் ஒரே அடியில் சுற்றிவர உதவும் அடி) அடித்து, தொழில்முறை ஆட்டத்தில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டியவர்.

ஓக்லஹோமா மாநிலத்து வெல்ச் என்னும் சிற்றூரில் 1922 ஏப்ரல் 16 அன்று பிறந்த இவர், ஆறடி ஐந்தங்குல உயரமும் அதற்கேற்ற சரீரபலமும் படைத்த இடக்கை ஆட்டக்காரர். முதல் பேஸைக் காப்பது இவர் பொறுப்பு. 1941-இல் ஆர்க்கன்ஸாவின் நியூபோர்ட் அணியில் தொடங்கிய ஆட்டம் யுத்தகாலக் கடற்படைச் சேவையால் தடைப்பட்டு, 1946-இல் டெக்ஸாஸின் அமரில்லோ அணியில் மீண்டும் தொடர்ந்தது. அவ்வாண்டில் 48, மறு ஆண்டில் 38 என ஹோம் ரன்கள் குவிந்தன. 1948-இல் மேஜர் லீகின் பாஸ்டன் பிரேவ்ஸ் கழகத்தார் இவரைத் தம் கீழ்நிலை அணியான ஹார்ட்போர்டுக்கு அனுப்பினர். அங்குப் பத்து ஹோம் ரன்களே வாய்த்தன. ஊதியம் பற்றியும் பிணக்கு மூண்டது. மேலேறும் ஏணியில் அரைவயிற்றோடு காத்து நிற்பதினும் சொந்த ஊர்ப்பக்கம் ஜீவனம் தேடுவதே மேல் எனக் கருதிய பாமன், ஓக்லஹோமாவின் எல்க் சிட்டிக்குத் திரும்பி, பெட்ரோல் நிலையம் நடத்திக்கொண்டே உள்ளூர் அணியில் மூன்றாண்டுகள் ஆடினார்.

1952-இல் நியூ மெக்ஸிகோவின் ஆர்ட்டீஷியா அணி இவரை மீண்டும் தொழில்முறை ஆட்டத்துக்கு அழைத்தது. அது சேர்ந்திருந்த லாங்ஹார்ன் லீக், மைனர் லீக் எனப்படும் கீழ்நிலைப் பந்தயங்களின் அக்காலத்துப் படிவரிசையில் கடைசிக்கு முந்திய ‘சி’ வகுப்பு. அங்கு 50, 53 ஹோம் ரன்கள் என இரு பருவங்களை முடித்து, 1954-இல் அண்டை ஊரான ராஸ்வெல்லின் ராக்கெட்ஸ் அணிக்கு மாறினார். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,500 அடி உயரத்திலுள்ள அவ்வூரின் லேசான காற்று பந்து தொலைவாகப் பறக்க அனுகூலமானது என்பது உண்மையே. ஆயினும் அதே காற்றில் ஆடிய ஏனையோர் எவரும் அவர் கணக்கை நெருங்கவில்லை. ஹோம் ரன் அடித்துத் திரும்புகையில் ரசிகர்கள் வலைக்கம்பியின் துவாரங்கள் வழியே நீட்டும் டாலர் நோட்டுகளைச் சேகரித்துக்கொள்வது அவ்வட்டார வழக்கம். சம்பளம் சொற்பமான ஆட்டக்காரருக்கு அதுவே சன்மானம்.

ஒரு பருவத்து ஹோம் ரன்களில் அக்காலத்து உச்சவரம்பு 69: 1933-இல் மினியாபொலிஸில் ஜோ ஹௌஸரும், 1948-இல் அமரில்லோவில் பாப் குரூஸும் அடித்தது. 1954 செப்டம்பர் 5 அன்று, தம் பழைய அணியின் களமாகிய ஆர்ட்டீஷியாவில் ஒரே நாளில் அடுத்தடுத்து நடந்த இரு ஆட்டங்களில், பாமன் மூன்று ஹோம் ரன் அடித்து அவ்வரம்பைக் கடந்தார். 138 ஆட்டங்களில் 224 ஓட்டங்களுக்குக் காரணமாகி, .400 மட்டையடிச் சராசரியுடன் அப்பருவத்தை முடித்தார்.

இக்கீர்த்தியும் மேஜர் லீகின் கதவைத் திறக்கவில்லை. 1955-இல் 46 ஹோம் ரன் அடித்தவர், 1956 பருவத்தின் நடுவே, மொத்தம் 337 ஹோம் ரன்களுடன் ஓய்வுபெற்று ராஸ்வெல்லிலேயே வசித்தார். 2001-இல் பேரி பாண்ட்ஸ் 73 அடிக்கும் வரை, 47 ஆண்டுகள், தொழில்முறை ஆட்டத்தின் உச்ச எண்ணிக்கை அவருடையதாகவே நின்றது. 2005-இல் ராஸ்வெல் மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று காலமானார்.

மைனர் லீகில் மிகுதியான ஹோம் ரன் அடிப்பவருக்கு, ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வீதம் கணக்கிட்டு வழங்கப்படும் பரிசு இன்று ஜோ பாமன் பெயரைத் தாங்குகிறது. வலைக்கம்பி வழியே நீண்ட டாலர் நோட்டு, காசோலையாக உருமாறியிருக்கிறது.