போர்க்களத்து நிருபர்

காலையில் பத்திரிகையை விரித்து, எங்கோ ஒரு தேசத்தில் நடைபெறும் யுத்தத்தின் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். இரவில் வானொலியிலும் அவ்வாறே கேட்டு அமைகிறோம். அச்செய்தியை எழுதியவர் எங்கே நின்று எழுதினார், அதனால் யாருடைய பகையைத் தேடிக்கொண்டார் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. யுத்தகள நிருபர் என்றதும், குண்டுமழைக்கு நடுவே குறிப்பெழுதும் ஒருவரையே மனம் கற்பனை செய்கின்றது. ஆனால், எதிரியின் குண்டைக் காட்டிலும் தாம் உடன் சென்ற படையின் சினத்துக்கே பெரிதும் அஞ்ச வேண்டியிருந்த நிருபர் ஒருவரைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

1854 ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் பிரான்சும் துருக்கியின் பக்கம் நின்று, ருஷியாவுக்கு எதிராகக் கிரிமியாவிற் படையிறக்கின. லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை, அயர்லாந்திற் பிறந்த வில்லியம் ஹவார்ட் ரசல் என்பவரைப் படையுடன் அனுப்பியது. ரசலே உலகின் முதலாவது யுத்த நிருபர் என எழுதுவாருளர். அவருக்கு முன்னரும் சிலர் சென்றதுண்டு. எனினும், சேனாதிபதி எழுதியனுப்பும் அறிக்கையே யுத்தச் செய்தி என்றிருந்த வழக்கத்தை மாற்றியவர் அவர்தாம். படையில் அவருக்கு எவ்விதப் பதவியும் இல்லை. உணவும் கூடாரமும் தாமே தேடிக்கொள்ள வேண்டியவராயிருந்தார். சேனாதிபதி ராக்லன் பிரபு அவரை ஏறெடுத்தும் பார்க்க விரும்பவில்லை.

அவ்வாண்டு ஒக்டோபர் 25 ஆம் திகதி பலக்கிளாவாவில் நிகழ்ந்த போரை ரசல் மேட்டுநிலமொன்றில் நின்று கண்டார். தெளிவற்ற கட்டளையொன்றினால் 600க்கும் மேற்பட்ட குதிரை வீரர், மூன்று புறமும் பீரங்கிகள் நின்ற பள்ளத்தாக்கினுள் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர் எழுதிய கடிதம் நவம்பர் 14 ஆம் திகதிப் பத்திரிகையில் வெளிவந்தது. அது லண்டன் வாசகரின் கைக்கு எட்ட இருபது நாள் சென்றது.

ஆயினும் அவர் எழுதியவற்றுள் தலையாயது அந்தக் குதிரைப் பாய்ச்சலன்று என்பது என் கருத்து. மாரிகாலத்துச் சேற்றைப் பற்றி அவர் எழுதியதே பெரிது. உணவும் உடையும் கப்பல்களில் வந்து துறைமுகத்திற் குவிந்து கிடந்தன. சில மைல் தூரத்திலிருந்த பாளையத்துக்கு அவற்றைக் கொண்டு செல்ல நல்ல பாதை இல்லை. குதிரைகள் பட்டினியால் விழுந்தன. வீரர்கள் கந்தலுடுத்துப் பதுங்கு குழிகளிற் குளிரால் நடுங்கினர். வாந்திபேதியும் பிற நோய்களும் வாரிக்கொண்டு சென்றன. அந்த யுத்தத்தில் ஆயுதத்தினால் மாண்ட பிரித்தானிய வீரரிலும், நோயினால் மாண்டவரே பன்மடங்கினர். இவற்றைச் சொல்லவா, வாய்மூடி இருக்கவா என்று ரசல் தம் பத்திராதிபர் ஜோன் டிலேனிடம் எழுதிக் கேட்டார். உண்மையை எழுதும்படியே டிலேன் கூறினார். அச்சேற்றத் தகாதவை எனக் கண்ட பகுதிகளை மந்திரிமாருக்குக் காட்டவும் அவர் தவறவில்லை.

விளைவு சிறிதன்று. கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து அதே பத்திரிகையின் தோமஸ் செனரி மருத்துவமனைகளின் சீர்கேட்டை எழுத, புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் புறப்பட்டார். 1855 ஜனவரியில் யுத்த நிர்வாகத்தை விசாரிக்க வேண்டும் என்ற பிரேரணை பாராளுமன்றத்தில் 148 வாக்குகளுக்கு எதிராக 305 என நிறைவேறியது. அபர்டீன் பிரபுவின் மந்திரிசபை கவிழ்ந்தது. துறைமுகத்திலிருந்து பாளையத்துக்குப் புகையிரதப் பாதையும் இடப்பட்டது.

ராக்லன் பிரபுவின் முறைப்பாட்டையும் நாம் நேர்மையுடன் கேட்டல் வேண்டும். படை எங்கே நிற்கின்றது, வெடிமருந்து எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பவற்றையெல்லாம் பத்திரிகையில் அச்சிட்டால், பகைவனுக்கு ஒற்றன் எதற்கு என்று அவர் கேட்டார். இது வெறும் பொறாமைப் பேச்சன்று. குழிகளிற் கிடந்த வீரனின் உயிர் அதிலே தங்கியிருந்தது. ஆனால் அதே வீரன் கம்பளி இல்லாமற் சாவதை மறைக்கவும் அந்த நியாயமே உதவியது என்பதுதான் சிக்கல். 1856 பெப்ரவரியில், புதிய சேனாதிபதி கொட்றிங்டன், பகைவனுக்குப் பயன்படும் செய்தியை வெளியிடும் நிருபரைப் பாளையத்தினின்றும் வெளியேற்றலாம் எனக் கட்டளை பிறப்பித்தார். அப்பொழுது யுத்தம் முடியுந் தறுவாயிலிருந்தது. கட்டளையின் கருத்து மட்டும் பின்வந்த யுத்தங்களிலெல்லாம் நிலைத்தது.

ரசல் அத்துடன் ஓயவில்லை. 1858 இல் இந்தியாவுக்குச் சென்று, கிளர்ச்சியை அடக்கியவர்கள் விசாரணையின்றி வழங்கிய கொடுந் தண்டனைகளைக் கண்டித்து எழுதினார். தம் சொந்த இனத்தவருக்கு எதிராக அதனை எழுதத் துணிவு வேண்டும். 1861 ஜூலை 21 ஆம் திகதி, அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வடபகுதிப் படை புல் றன் என்னுமிடத்தில் சிதறி ஓடியதைக் கண்டு எழுதினார். வட மாநிலத்தார் அவரை வெறுத்தனர். மறு ஆண்டு படையுடன் செல்ல அனுமதி மறுக்கப்பட, நாடு திரும்பினார். 1895 இல் 'சேர்' பட்டம் பெற்றார்; 1907 இல் காலமானார். சென் போல் பேராலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு.

ரசலுக்கு ஏறிச் செல்ல எப்பொழுதும் ஒரு கப்பல் இருந்தது. யுத்தம் நடைபெறும் ஊரிலேயே வீடும் பெற்றோரும் உடைய நிருபருக்கு அது இல்லை. பி.பி.சி. தமிழோசையை அக்காலத்திற் கேட்டுவந்த நேயர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி தந்த மயில்வாகனம் நிமலராஜனின் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். 2000 ஆம் ஆண்டுத் தேர்தலில் அங்கே நடந்த முறைகேடுகளையும் அவர் அறிவித்திருந்தார். ரசலின் கடிதம் அச்சேறிய நாளில், அதனைப் படித்த லண்டன் வாசகருக்கும் அவருக்குமிடையே கடல்கள் கிடந்தன. நிமலராஜனின் செய்தியோ, அவர் குடியிருந்த ஊரிலேயே, அயல்வீட்டு வானொலிகளில் ஒலித்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 19 ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், தம் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, யன்னலூடாக அவர் சுடப்பட்டு உயிரிழந்தார்.