தகட்டில் பொறித்த எண்

மின்சக்தியின் கணக்கு மலைநாட்டாருக்குப் புதியதன்று. லக்ஷபானவில் வீழும் நீரைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே ஆதாரங்களுடன் எடுத்துரைத்தார். 1950இல் அங்கு நிலையம் இயங்கத் தொடங்கியபோது அதன் ஆற்றல் 25 மெகாவாட் எனக் குறிக்கப்பட்டது. ஆயினும் ஆறு மெலியும் கோடையில் அவ்வெண் நீரைக் கொணர்ந்து தருமா? போதிய நீர் கிடைத்தால் இவ்வளவு தரவல்லது என்பதே அதன் பொருள்.

இன்று கூரைகளில் ஏறும் சூரியத் தகட்டின் எண்ணும் இத்தகையதே. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் சிலிக்கன் கலமொன்றை உலகுக்குக் காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே அது மின்சாரமாக்கிற்று. பின்னர் பல தொழிற்சாலைகள் தகடுகள் செய்யவே, அவற்றை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் வேண்டியதாயிற்று. சதுர மீற்றருக்கு 1,000 வாட் ஒளி விழவேண்டும். கலத்தின் வெப்பம் 25 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும். ஒளியின் நிறக்கலவையும் வரையறுத்தபடி அமையவேண்டும். இந்நிலையில் ஆய்வுகூடத்தில் அளந்த எண்ணே தகட்டின் பின்புறம் பொறிக்கப்படுகிறது.

400 வாட் தகடொன்றை எடுத்துக்கொள்வோம். சமவெளியின் உச்சிவெயிலில் கலம் 60 பாகைவரை சூடேறக்கூடும். பாகைக்கு 0.4 விழுக்காடு குறையும் எனக் கொண்டால், முழு ஒளியிலும் அது தருவது 344 வாட். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் இவ்விழப்புச் சிறிது. ஆனால் மூடுபனி இறங்கி ஒளி ஐந்திலொன்றாகும்போது, அதே தகடு 80 வாட் அளவே தரும். குளிர் கொடுப்பதை மேகம் பறித்துவிடுகிறது.

தோட்டத்து மக்கள் இதை எளிதில் உணர்வர். மழைநாளில் தராசு காட்டும் நிறை முழுவதும் கொழுந்தன்று. நீருக்கென்று ஒரு பகுதி கழிக்கப்படுகிறது. கழிவு நியாயமானதா என்று கேட்பது தொழிலாளியின் உரிமை. அவ்வாறே, சிறுகச் சேர்த்த பணத்தில் லயத்துக் கூரைக்குத் தகடு வாங்கும் குடும்பமும் கேட்கவேண்டும்: “இது எத்தனை வாட்?” என்பதோடு நில்லாமல், “எங்கள் மலையில், மழைமாதங்களும் சேர, ஆண்டுக்கு எத்தனை அலகு தரும்?” என்று. பொறித்த எண் பொய்யன்று. அது ஆய்வுகூடத்து உண்மை. வீட்டு விளக்கு எரிவதோ மலையின் வானத்தை நம்பி.