கினே நீலமும் நிற வீச்சும்

ஒரு திரையோ அச்சுப்பொறியோ தன் ஒளியாலோ மையாலோ உண்டாக்கக்கூடிய எல்லா நிறங்களையும் அடக்கிய பரப்பை அதன் நிற வீச்சு என்று இன்றைய எண்ணிம நிற மேலாண்மை வரையறுக்கிறது. இத்தகைய எல்லை சாயத்தாழிக்கும் உண்டு. அதைக் காரைக்கால், புதுச்சேரிக் கரையின் சாயக்காரர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அவர்களது தொழிலைத் துணி மாதிரிகளாகப் பதிந்துவைக்கும் முயற்சியும் கணினிக்கு இரு நூற்றாண்டுகள் முன்பே இக்கரையில் நடந்தது.

1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், அரசலாறு கடலில் கலக்கும் இடத்துத் துறைமுகமாதலால், டெல்டாவின் நெல்லோடு துணியையும் கப்பலேற்றியது. பிரெஞ்சு இந்தியத் துணிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பெயர் பெற்றது கினே எனப்பட்ட அவுரி நீலப் பருத்தித்துணியாகும். புதுச்சேரியை மையமாகக் கொண்டு உருவான இத்துணி, பிரான்சின் துறைமுகங்கள் வழியாகச் செனகல் சென்று, அங்கே மூர் வணிகர் கொண்டுவந்த வேலம்பிசினுக்கு மாற்றாக, ஏறக்குறைய நாணயம்போலவே புழங்கியது. பிரெஞ்சு அரசு 1843-இல் அதன் அளவையும் எடையையும் ஆணையால் வரையறுத்தது. நீளத்துக்குக் கோலும் எடைக்குத் தராசும் இருந்தன. நீலத்துக்கு அப்படியொரு கருவி இல்லாததால், வாங்குபவரின் கண்ணும் மூக்குமே தீர்ப்புச் சொல்லின.

அவுரி நீலம் நீரில் கரையாது. தென்னகச் சாயக்காரர் தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பும் உவர்மண்ணின் காரநீரும் சேர்த்துத் தாழியில் புளிக்கவிட்டனர். அப்போது நீலம் வேதியியல் ஒடுக்கத்துக்கு உள்ளாகி மஞ்சட்பச்சையாகக் கரைகிறது, அதில் முக்கியெடுத்த துணி காற்றுப் பட்டதும் பச்சை மாறி நீலமாகிறது. முக்குந்தோறும் நிறம் ஆழ்ந்தாலும், துணி நிறைய நிறைய அடுத்த முக்குகள் கூட்டுவது குறைந்துகொண்டே வந்து, கருப்பை ஒட்டிய நீலத்தில் நின்றுவிடும். வெளுத்த துணியிலிருந்து அந்தக் கருநீலம்வரை செல்லும் ஒற்றைக்கோடே, பிற சாயம் சேராத அவுரித் தாழியின் வீச்சு.

அக்கோட்டைப் பரப்பாக விரித்தவை சாயவேரின் சிவப்பும் மஞ்சள் சாயங்களும் ஆகும். 1734 அளவில் புதுச்சேரியில் இருந்த போலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர், வேதியியலர் துஃபே கேட்டுக்கொண்டபடி, சீட்டித்துணி தீட்டும் படிகள்தோறும் துண்டு வெட்டி, 11 மாதிரிகளைக் குறிப்புகளோடு தொகுத்தார். அவ்வேடு பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. செய்முறையைக் களவாடும் நோக்கம் அதில் இல்லாமலில்லை. ஆயினும், இன்ன நிறம் வரும் என்று ஊகிக்காமல் வரச்செய்து பார்க்கும் முறை இன்றைய முறையே.

அதில் இல்லாதது எண். 1931-இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் சராசரிக் கண்ணின் நிற உணர்வை எண்களாக வகுத்தது; வெளிர்மை, சிவப்பு–பச்சை, மஞ்சள்–நீலம் என்னும் மூன்று அச்சுகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் இடம் தரும் லேப் வெளியை 1976-இல் பரிந்துரைத்தது. அச்சுப்பொறியின் வீச்சை அறிய, மைகளின் விகிதத்தை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான கட்டங்களை அச்சிட்டு, நிறமாலைமானியால் ஒவ்வொன்றையும் அளந்து, கிடைத்த புள்ளிகளை அவ்வெளியில் இட்டு, அவற்றைச் சூழும் புறப்பரப்பைக் கணிக்கின்றனர். 1993-இல் அமைந்த பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு வகுத்த விவரக்கோப்பில் அந்த அளவீடுகள் பதியப்படுகின்றன. புறப்பரப்புக்கு வெளியே விழும் நிறத்துக்கு ஈடாக, உள்ளே கிடைக்கும் ஒன்றைத் தேர்வதே வழி.

தாளோ மையோ மாறினால் அக்கோப்பு பொருந்தாமற் போகும். காலமும் இதே வேலையைச் செய்கிறது. நீலத்தின்மேல் மஞ்சள் பூசிப் பெற்ற பச்சையில் மஞ்சள் மட்டும் வெளிச்சத்தில் வெளுத்துவிடுவதால், பழைய சோழமண்டலச் சீட்டிகள் பலவற்றில் இலைகள் இன்று நீலமாகவே தெரிகின்றன. அவற்றை இப்போது அளந்து பெறும் வீச்சு, சாயக்காரர் துணியை விற்ற நாளின் வீச்சாகாது.