பிளாஷ் மென்பொருளும் மலையகக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் பெயர்பெற்ற வெலிமடைப் பிரதேசத்தின் தோட்டப் பாடசாலைகளுக்கும், அமெரிக்காவில் ஆக்கப்பெற்ற ஒரு மென்பொருளுக்கும் யாது தொடர்பு என வினவுதல் இயல்பே. அசைபடமும் ஒலியும் கொண்டு, சொடுக்கினால் மறுமொழி தரும் பாடங்களை இணையத்தில் பெரிதும் பரவலாக்கியது பிளாஷ் என்னும் அம்மென்பொருளாகும். அத்தகைய பாடங்கள் மலையகத்தைப் பெரும்பாலும் எட்டாமற் போனமை வெறுந் தற்செயலன்று.

1996 இல் யொனதன் கே என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் 'பியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேற்றர்' என்ற பெயரில் இதனை வெளியிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் மக்ரோமீடியா நிறுவனம் அதனை வாங்கிப் பிளாஷ் எனப் பெயரிட்டது. படத்தைப் புள்ளிபுள்ளியாகச் சேமியாது, கோடும் வளைவும் செல்லும் வழியைக் கணிதக் குறிப்பாகச் சேமிப்பதே இதன் தனிச்சிறப்பு. ஆதலால் ஒரு முழு அசைபடமும் சிறிய கோப்பில் அடங்கிற்று. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தவழ்ந்துவந்த அந்நாளில், மலைநாட்டுக்கு இதனினும் பொருத்தமான கருவி வேறில்லை எனலாம்.

ஆயினும் தமிழுக்கு அது எளிதில் இணங்கவில்லை. ஒருங்குறித் தமிழில் 'கொ' என எழுதுமிடத்து, கொம்பு மெய்யின் முன்னும் கால் பின்னும் சென்று அமைதல் வேண்டும். இவ்வொழுங்கைப் பிளாஷ் இயக்கி அறியாதிருந்தது. 2008 இல் வந்த பத்தாம் பதிப்பிலேயே அதற்கு வழி பிறந்தது. அதுவரை பாடம் ஆக்கியோர் ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களைக் கையாண்டனர். அன்றேல் சொற்களை ஓவியமாக மாற்றி ஒட்டினர். ஓவியமாகிவிட்ட சொல்லைத் தேடவும் இயலாது, பின்னர் வருபவர் திருத்தவும் இயலாது.

இதனினும் பெரிய தடை உடைமை பற்றியது. பிளாஷ் ஒரு தனிக் கம்பனியின் சொத்து. 2005 இல் மக்ரோமீடியாவை வாங்கிய அடோபி, 2011 நவம்பரில் கைத்தொலைபேசிகளுக்கான இயக்கியைக் கைவிட்டது. அப்பிள் நிறுவனமோ தன் ஐபோனில் அதனைத் தொடக்கம் முதலே ஏற்கவில்லை. லயக் காம்பிராக்களுக்கு இணையம் பெரிதும் வந்து சேர்ந்தது கணினி வழியாகவன்று, கைத்தொலைபேசி வழியாகவே என்பது ஈண்டு நோக்கற்பாலது. பிளாஷ் செழித்த காலத்தில் அங்கு கணினி அரிது. திரை கைக்கு வந்த காலத்தில் அதிற் பிளாஷ் இல்லை.

2020 மார்ச்சில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 31 உடன் பிளாஷின் ஆயுளும் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் இயக்கி தன் பழைய ஆக்கங்களைத் திறக்க மறுத்தது. அதே ஆண்டில், பதுளை மாவட்டக் கிராமமொன்றில் ஆசிரியரும் மாணவரும் சமிக்ஞை தேடிப் பாறைமீது ஏறிக்கொண்டிருந்தனர்.

கட்டற்ற மென்பொருளான 'ரபிள்' இப்போது பழைய பிளாஷ் ஆக்கங்கள் பலவற்றை உலாவியிலேயே இயக்கிக் காட்டுகின்றது. எவரேனும் ஓர் ஆசிரியரின் அலுமாரியில் குறுந்தட்டொன்று எஞ்சியிருப்பின், அதிலுள்ள பாடம் தோட்டத்துப் பிள்ளையின் கைத்தொலைபேசியிலும் முதன்முறையாகத் திறக்கக்கூடும்.