பெட்டிக்குள் கிடக்கிற பாட்டு யாருக்குச் சொந்தம்?

கொஞ்சம் நீளமான பதிவு. ராப் பாடுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் கட்டாயம் வாசியுங்கள், மற்றவர்கள் நேரமிருந்தால். இசை கூடுமா கூடாதா என்று கொமெண்டில் ஆரம்பித்துவிட வேண்டாம். அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நான் எழுதப்போவது சொத்தையும் உரிமையையும் பற்றி.

தரம் பத்தில் ஒரு பிள்ளை கேட்டான். "சேர், சித்து மூஸேவாலா செத்து மூணு வருஷமாச்சு. இன்னும் புதுப் பாட்டு வருதே, அது ஏ.ஐ.யா?" இல்லை மகன் என்றேன். அவர் உயிரோடு இருக்கும்போதே பாடி வைத்தது. "அப்ப இவ்வளவு நாளும் எங்க இருந்திச்சு?" என்று அடுத்த கேள்வி. அந்த இரண்டாவது கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்ல நேரம் போதவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராப் பாடகர்கள் மற்றவர்களை விட அதிகமாகப் பதிவார்கள். வாத்தியக்காரர்களைக் கூட்ட வேண்டியதில்லை. பீட் ஒன்று இருந்தால் போதும், ஒரே இரவில் மூன்று நான்கு பாட்டு முடிந்துவிடும். அல்பத்துக்குப் போவது அதில் கொஞ்சம்தான். மிச்சம் நாடாவில் கிடக்கும், இந்தக் காலத்தில் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். முதன்முதலில் குரல் பதிந்த அந்த மூலப் பிரதியை மாஸ்டர் என்பார்கள். வழமையாக ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்த கம்பனிதான் ஒப்பந்தப்படி அதற்குச் சொந்தக்காரன். பாடியவருக்குப் பங்கு மட்டும்தான், அதுவும் விற்றால். விற்காமல் பெட்டிக்குள் கிடந்தால் அவருக்கு ஒன்றுமில்லை.

டூபாக் ஷகூரின் கதையில் இது முழுதாகத் தெரியும். 1995இல் அவர் நியூயோர்க் மாநிலச் சிறையொன்றில் இருந்தார். பிணைத்தொகை 14 இலட்சம் டொலர், கையில் காசில்லை. டெத் ரோ ரெக்கோர்ட்ஸ் தலைவர் ஷுக் நைட் சிறைக்கே வந்தார். கையால் எழுதிய ஓர் ஒப்பந்தத்தில் மூன்று அல்பம் தருவதாக டூபாக் ஒப்பம் வைத்தார். பிணை கிடைத்தது. ஜெயிலுக்குள் இருக்கிறவனிடம் நீட்டப்படும் கடதாசியை அவன் எவ்வளவு நிதானமாக வாசிப்பான் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே வந்து 11 மாதம்தான் வாழ்ந்தார். அந்த 11 மாதமும் பேய் பிடித்தவர் மாதிரி பதிந்து தள்ளினார். 1996 செப்டெம்பர் 7இல் லாஸ் வேகாஸில் சூடு பட்டு 13ஆம் திகதி இறக்கும்போது வயது 25.

உயிரோடு இருக்கும்போது அவருடைய தனி அல்பம் நான்கு வெளிவந்தது. இறந்த பிறகு 2006 வரை ஆறு. அந்த ஆறில் முதலாவதை அவரே தயார்படுத்தி வைத்துவிட்டுப் போனார். மற்றதெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தது.

எடுத்தது யார் என்பதில்தான் சண்டை. தாய் அஃபெனி ஷகூர் சாதாரண பெண் இல்லை. பிளாக் பாந்தர் கட்சியில் இருந்து, கர்ப்பிணியாகச் சிறையிலிருந்துகொண்டு தன் வழக்கைத் தானே வாதாடி விடுதலையானவர். மகன் இறந்த அடுத்த வருடமே அமரு என்ற நிறுவனத்தை ஆரம்பித்து, டெத் ரோவோடு சட்டப் போராட்டத்தில் இறங்கினார். வெளிவராத பாட்டுகள் மகனுடைய சொத்து, கம்பனியுடையதல்ல என்பது அவர் கட்சி. 2006இல் டெத் ரோ வங்குரோத்தானது. கடன்காரர்களுக்குக் கொடுப்பதற்காகக் கம்பனியை விற்கப் போனபோது, வெளிவராத டூபாக் பாட்டுகளையும் சேர்த்து விற்கக் கூடாது என்று 2007இல் மறுபடியும் நீதிமன்றம் போனார்.

கம்பனியின் கதையையும் கேளுங்கள். 2009இல் ஒரு கனடியக் கம்பனி 1 கோடி 80 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அதுவும் விழுந்தது. 2013இல் ஈவன் வாங்கியது. 2019இல் ஈவனை ஹஸ்ப்ரோ வாங்கியது. ஹஸ்ப்ரோ யாரென்றால், நம்ம பிள்ளைகள் விளையாடுகிற மொனோபொலி செய்கிற விளையாட்டுச் சாமான் கம்பனி! கடைசியில் 2022இல் ஸ்னூப் டொக் அந்தப் பெயரைத் திரும்ப எடுத்தார். சிறைக் கைதி ஒருவன் ஒப்பம் வைத்த கம்பனி இத்தனை கை மாறியிருக்கிறது. ஒவ்வொரு கையிலும் அது ஒரு சரக்கு.

தாயின் கையில் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கும் என்றும் சொல்ல மாட்டேன். 2004இல் அமரு வெளியிட்ட அல்பத்தைத் தயாரிக்க எமினெம்மிடம் கொடுத்தார்கள். பழைய பீட்டைக் கழற்றிவிட்டு புதியதைப் போட்டார். அதற்குப் பொருந்த டூபாக்கின் குரலை வேகம் மாற்றி, சொற்களை வெட்டி ஒட்டி, 1996இல் இறந்த மனிதனை '2005' என்று சொல்ல வைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சொல்லாததைச் சொன்னதாக ஆக்குவது, இறந்தவர் விஷயத்தில் இன்னும் பாரதூரம். அதைக் கத்தரியும் பசையும் வைத்துச் செய்தார்கள், இப்போது ஏ.ஐ. வைத்துச் செய்கிறார்கள்.

பெட்டிக்குள்ளேயே அழிந்துபோவதும் உண்டு. 2008 ஜூன் 1இல் ஹொலிவூட் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்தது. வீடியோப் பிரதிகள் எரிந்ததாகத்தான் அப்போது சொன்னார்கள். அதே கட்டடத்தில் யுனிவர்சல் மியூசிக்கின் மாஸ்டர் நாடாக்களும் இருந்தன என்பது, 11 வருடம் கழித்து 2019இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் வெளியில் வந்தது. 5 இலட்சம் பாட்டு இருக்கலாம் என்று கம்பனியின் உள் ஆவணமே மதிப்பிட்டிருந்தது. அவ்வளவு இல்லை என்று கம்பனி பிறகு மறுத்தது. டூபாக்கின் வாரிசுத் தரப்பு உட்பட சிலர் சேர்ந்து போட்ட வழக்கும் 2020இல் தள்ளுபடியானது. எத்தனை எரிந்தது என்பதை விட எனக்கு அந்த 11 வருட மௌனம்தான் பெரிதாகப் படுகிறது. அடுத்தவன் பொருளை வைத்திருந்தவன், அது எரிந்த பிறகு சொந்தக்காரனுக்கு ஒரு தகவல் கூடச் சொல்லவில்லை. நம்ம பாஷையில் இது அமானிதம். பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்க இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, வேண்டுமென்றே பெட்டியைப் பூட்டியவர்களும் இருக்கிறார்கள். வு-டாங் கிளான் ஒரு அல்பம் செய்து ஒரே ஒரு பிரதி மட்டும் அடித்து 2015இல் 20 இலட்சம் டொலருக்கு விற்றது. 2103ஆம் ஆண்டு வரை வியாபார ரீதியாக வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. வாங்கியவர் மருந்து விலையைக் கூட்டிப் பெயர் கெட்ட மார்ட்டின் ஷ்க்ரெலி. அவர் மோசடி வழக்கில் உள்ளே போனதும் அமெரிக்க அரசாங்கம் அல்பத்தைப் பறிமுதல் செய்து 2021இல் விற்றது. பணக்கார விளையாட்டு. மேலே போவோம்.

உயிரோடு இருப்பவருக்கும் இது நடக்கும். எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாகத் திரும்பியவர். 2005இல் வந்த அவருடைய முதல் அல்பம் 'அருளர்' மாதக்கணக்கில் பிந்தியது. அதில் எடுத்தாண்டிருந்த பிறருடைய இசைத் துணுக்குகளுக்கு அனுமதி வாங்குவதில் இழுபட்டது. ராப்பில் இது பெரிய தலையிடி. ஒரு பாட்டுக்குள் நாலு பேருடைய பொருள் இருக்கும், ஒருவர் மாட்டேன் என்றாலும் பாட்டு பெட்டிக்குத்தான். பிறகு ஒருமுறை 'மாதங்கி'. முடித்துக் கொடுத்துவிட்டார். கம்பனி, இது ரொம்ப நல்லெண்ணமாக இருக்கிறது, கொஞ்சம் இருட்டாக்கு என்று சொன்னதாக 2013 ஜனவரியில் அவரே பேட்டியில் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை சந்தோஷமாகப் பாடினால் விற்காது என்று நினைத்தார்களோ என்னவோ. ஓகஸ்டில் பொறுமை போய், இன்னும் இழுத்தால் நானே இன்டர்நெட்டில் விட்டுவிடுவேன் என்று ட்விட்டரில் எழுதினார். சில நாளில் கம்பனி திகதி அறிவித்தது. நவம்பரில் அல்பம் வந்தது. அவருக்கு உலகப் பெயர் இருந்தது, அதனால் மிரட்ட முடிந்தது. பெயர் இல்லாதவர்?

இனி அந்தப் பிள்ளை கேட்ட மூஸேவாலா. 2022 மே 29இல் பஞ்சாபின் மான்சா மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 28. மையத்து வீட்டு அழுகை அடங்கும் முன்னே குடும்பம் ஓர் அறிவித்தல் விட்டது. அவரோடு வேலை செய்த தயாரிப்பாளர்கள் முடிந்த பாட்டோ அரைகுறைப் பாட்டோ எதையும் வெளியிடக் கூடாது, பகிரக் கூடாது, ஜூன் 8இல் இறுதிப் பிரார்த்தனை முடிந்ததும் எல்லாவற்றையும் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும், கசிந்தால் வழக்கு. தகப்பன் பல்கௌர் சிங் முன்னாள் இராணுவ வீரர், விவசாயக் குடும்பம். பெரிய கம்பனிகளின் வக்கீல்கள் செய்வதை ஒரு கிராமத்து வீடு செய்தது.

பிறகு ஒவ்வொன்றாக, மகனுடைய சொந்த யூடியூப் சனலிலேயே விட்டார்கள். முதலாவது 'எஸ்.வை.எல்.', ஜூன் 23இல். பஞ்சாபின் தண்ணீர்ப் பங்கீடு பற்றியது. சில நாளிலேயே இந்தியாவுக்குள் பார்க்க முடியாதபடி முடக்கப்பட்டது. நவம்பரில் 'வார்', 2023 ஏப்ரலில் 'மேரா நா'. அவசரமில்லை, சிலநேரம் மாதக்கணக்கில் இடைவெளி. 2025 ஜூன் 11இல், அவருடைய பிறந்தநாளன்று, மூன்று பாட்டு. இடையில் இசையமைப்பாளர் சலீம் மெர்ச்சன்ட் தன்னிடமிருந்த பாட்டொன்றை 2022 செப்டெம்பரில் வெளியிடப் போனார். தன்னோடு சேர்ந்து பதிந்தது என்பது அவருடைய நியாயம். பெற்றோரின் அனுமதி இல்லையென்று மான்சா நீதிமன்றம் தடை போட்டது. சலீமுடைய உழைப்பும் அதில் இருக்கத்தானே செய்கிறது என்று கேட்டால், ஆம், இருக்கிறது. ராப் பாட்டு ஒருபோதும் ஒரே ஆளுடைய சொத்து இல்லை. அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்.

இதெல்லாம் அமெரிக்காக் கதை, பஞ்சாப் கதை, ஒருகொடவத்தையில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். 2006இல் கிருஷான் மகேசனின் 'ஏசியன் அவெனியூ' வந்தபோது நான் ஏ/எல் படிக்கிற வயது. கொழும்புப் பிள்ளையும் தமிழில் ராப் பாடி அல்பம் போடலாம் என்று எங்கள் செட்டுக்குத் தெரிந்தது அப்போதுதான். இன்று கிராண்ட்பாஸ், வெல்லம்பிட்டி, தெமட்டகொட எங்கும் ஒற்றை அறை ஸ்டூடியோக்கள். மெத்தையை நிறுத்திச் சத்தம் அடக்கி, ஒரு மைக், ஒரு லெப்டொப். அங்கே பதிகிற பிள்ளைகளில் பாதிப் பேர் எனக்குப் பழைய மாணவர்கள்.

அவர்களில் ஒருவன் போன வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் மௌத்தானான். பெயர் வேண்டாம். நாற்பது கழிந்து உம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சேர், அவன்ட சத்தம் அந்த ஸ்டூடியோவில இருக்காமே, எடுத்துத் தர ஏலுமா?" நானும் இன்னும் இரண்டு பேரும் போனோம். ஸ்டூடியோக்காரப் பையன் முதலில், பீட் நான் செய்தது, அப்போ பாட்டும் என்னுடையது என்றான். கெட்டவன் இல்லை. பல இரவு காசில்லாமல் வேலை செய்திருக்கிறான். எழுதின கடதாசி எதுவும் இரண்டு பக்கமும் இல்லை. ஒரு பாட்டை ஏற்கெனவே தன் சனலில் போட்டிருந்தான், சில நூறு பேர் பார்த்திருந்தார்கள். வருமானம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. பேசிப் பேசி, கடைசியில் 11 கோப்பையும் பென் டிரைவில் தந்தான். உம்மாவின் சம்மதமில்லாமல் மற்றதை வெளியிட மாட்டேன் என்றும் சொன்னான். உம்மா இதுவரை சம்மதம் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்குப் பிறகுதான் வாசித்தேன். நான் சட்டத்தரணி இல்லை, எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். நம்ம நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பாட்டு வரியை எழுதியவருக்கு அதன் உரிமை வாழ்நாளும், இறந்து 70 வருடமும். வெளியிட்டிருக்க வேண்டும் என்றில்லை. அந்த உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்ற எழுத்தும் ஒப்பமும் வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, 50 வருடம். வெளிவராத பதிவு என்றால் பதிந்த வருடத்திலிருந்து கணக்கு. அது பதிவு செய்ய முன்கையெடுத்துப் பொறுப்பேற்றவருக்குப் போகும். மணித்தியாலக் காசு கொடுத்த பிள்ளையா, சும்மா பதிந்து கொடுத்த ஸ்டூடியோக்காரனா என்ற சண்டை அங்கேதான் வரும். ரிசீட் ஒரு துண்டு இருந்தாலும் உதவும். எழுதியவர் இறந்தால் உரிமை வாரிசுக்கு. முஸ்லிம்களின் வாரிசுச் சொத்துக்கு 1931ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் இருக்கிறது. பாட்டு உரிமையை எப்படிப் பங்கிடுவது என்பதை விஷயம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

யூடியூபில் இலவசம் என்று கிடைக்கிற பீட்டில் பாடுகிற பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பல பீட்டுகளுக்குக் கீழே, காசு உழைக்காத பாவனைக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். வாசியுங்கள். நாளைக்கு உங்கள் பாட்டு ஓடினால் அந்த ஒரு வரியில் நிற்கும்.

கோப்பை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி நம்ம பக்கத்து வீடுகளுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டூடியோவில் ஒன்று, உங்களிடம் ஒன்று, ஈமெயிலில் ஒன்று.

ஸ்டூடியோவுக்குப் போகும் முன் இரண்டு பக்கமும் ஒப்பம் வைக்க ஒரு கடதாசி எழுதியிருக்கிறேன். ஒரே பக்கம், தமிழில். வரி யாருடையது, பீட் யாருடையது, காசு யார் கொடுத்தது, வெளியிட யாருடைய சம்மதம் வேண்டும், நான் இல்லாவிட்டால் கோப்பு யாரிடம் போக வேண்டும். கடைசிக் கேள்வியைப் பார்த்து 19 வயதுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பரவாயில்லை. தெரிந்த சட்டத்தரணி ஒருவர் ஒரு முறை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், அவர் பார்த்துத் தந்ததும் அனுப்புகிறேன்.