மோரும் சொதியும்

சென்னையில் வாழையிலை போட்டு உட்கார்ந்த ஒருவர், தான் வீகன் என்று சொல்லிவிட்டால் பரிமாறுகிறவரின் கை நாலு இடத்தில் தயங்கும். பருப்பின்மேல் நெய், ஒரு கரண்டி தயிர், கடைசிச் சோற்றுக்கு மோர், பால் பாயசம். கொழும்பு வெள்ளவத்தைச் சைவக்கடையில் அதையே சொன்னால் யாரும் தயங்கப் போவதில்லை. இடியப்பம், சொதி, சம்பல், பருப்புக்கறி எல்லாவற்றிலும் தேங்காயும் தேங்காய்ப்பாலும்தான். பால்ரீக்குப் பதில் பிளேன்ரீ கேட்டால் போதும். (சைவக்கடைக்கு வெளியே என்றால், சம்பலில் மாசிக் கருவாடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.)

களுபோவிலயில் இருக்கும் என் மருமகன் பாலை விட்டபோது இந்த வசதியை நம்பித்தான் விட்டான். அறுபது கிலோ எடை, விடிய ஐந்து மணிக்கு மரைன் டிரைவில் ஓட்டம். "எனக்கு ஒண்டும் குறையேல்லை மாமா, அம்மா வைக்கிற அதே சாப்பாடுதானே" என்றான். எனக்கு உறைத்தது அந்த 'அதே'தான்.

இரண்டு பாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறம் மட்டும்தான் ஒன்று. நூறு கிராம் பசுப்பாலில் புரதம் மூன்று கிராமுக்குச் சற்று மேல், கல்சியம் 120 மில்லிகிராம் அளவில். முதற்பாலில், அதாவது கெட்டித் தேங்காய்ப்பாலில், புரதம் இரண்டு கிராம்போல, கல்சியம் இருபதைத் தொடாது, கொழுப்போ கிட்டத்தட்டக் கால்வாசி. சொதிக்குப் போவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பால். ஆக சொதி நாக்குக்குப் பால், எலும்புக்கு அல்ல.

ஓடுகிறவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து அமைப்புகள் 2016இல் சேர்ந்து சொன்ன கணக்கு. என் மருமகனுக்கு அது 72 முதல் 120 கிராம். ஐந்து இடியப்பமும் சொதியும் பத்துக் கிராமைத் தொட்டாலே பெரிய விஷயம். சென்னைக்காரர் தயிரும் மோரும் போனதை இலையிலேயே பார்க்கிறார். வெற்றிடம் தெரிவதால் சுண்டலோ வேர்க்கடலையோ தேடுவார். வெள்ளவத்தைத் தட்டில் வெற்றிடமே தெரியாது. அதனால்தான் இங்கே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீகனாக ஓட முடியுமா என்ற பழைய கேள்வியில் இனி நேரம் போக்க வேண்டாம். ஸ்கொட் ஜூரெக் 1999இலிருந்து 2005வரை, வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டத்தைத் தொடர்ந்து ஏழு தடவை வென்றது வீகன் சாப்பாட்டில்தான். எதைச் சாப்பிட்டு என்பதுதான் நமக்குக் கேள்வி. புரதத்துக்கு நம் கடைகளில் பஞ்சமில்லை. காய்ந்த சோயாமீற்றில் பாதிக்குப் பாதி புரதம். பயறு, கௌப்பி, கடலை, கச்சான் எல்லாம் நூறு கிராமுக்கு இருபது கிராம் அளவிலோ அதற்கு மேலோ தரும், உலர்ந்த நிறையில். கல்சியத்துக்குக் குரக்கன் இருக்கிறது: நூறு கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவில். எள்ளில் அதைவிடக் கூட. ஆனால் தானியத்திலும் எள்ளிலும் உள்ள பைட்டேற் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலில் அந்தச் சிக்கல் இல்லை.

இரும்புச்சத்தில் மட்டும் காற்று மறுபக்கம் அடிக்கிறது. பசுப்பாலில் இரும்பு இல்லையென்றே சொல்லலாம், போதாததற்கு அதன் கல்சியம் மற்ற உணவிலுள்ள இரும்பு சேர்வதையும் தடுக்கும். பருப்போடு மோர் குடிப்பவரைவிட, பருப்புக்கறிக்குப் பக்கத்தில் தேசிக்காய் பிழிந்த வல்லாரைச் சம்பல் வைத்துச் சாப்பிடுபவருக்கு இரும்பு நன்றாகச் சேரும். தேசிப்புளியின் வேலை அது. அந்த லாபத்தை நாங்கள் உடனேயே ஒரு பிளேன்ரீயில் கரைத்துவிடுகிறோம் என்பது வேறு கதை. தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கட்டிவிடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் பாதிப்புக் குறைவு.

விற்றமின் பி12 விஷயத்தில் சமரசமே கிடையாது. ஒரு நாள் தேவை 2.4 மைக்ரோகிராம், அரை லீற்றர் பசுப்பாலில் அதில் பெரும்பங்கு வந்துவிடும். சொதியில் சூனியம், கீரையில் சூனியம், புளித்த தோசை மாவையும் நம்ப முடியாது. ஈரல் சில வருடங்களுக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறை உடனே தெரிவதும் இல்லை. தெரியும்போது கால் விறைப்பாக, ஓட்டத்தில் காரணமில்லாத களைப்பாக வரலாம். மோர் குடிப்பவர்களும் தப்பவில்லை: இந்தியச் சைவ உணவுக்காரர்களிடையே பி12 குறைபாடு சாதாரணம். ஒரு தம்ளர் நீர்மோரில் இருக்கும் பால் எவ்வளவு என்று யோசித்தால் காரணம் விளங்கும். பாணில் பூசும் மார்மைட் உதவும், போத்தலில் பி12 என்று அச்சிட்டிருந்தால்.

மருமகன் இப்போது காலையில் குரக்கன் பிட்டும் அவித்த பயறும் சாப்பிடுகிறான். மேசையில் மார்மைட்டுக்குப் பக்கத்தில் பி12 குளிசைப் போத்தல். சொதி மாறவில்லை. அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. "வருத்தம் ஒண்டும் இல்லாமலே குளிசை போடுற பிள்ளையைப் பெத்து வைச்சிருக்கிறன்" என்று போன கிழமையும் தொலைபேசியில் சொன்னாள்.